மவுஸ், கீபோர்டு உள்ளீடு: எந்த அடுக்கில் பிடிப்பது?

டெஸ்க்டாப் நிரல் எழுதத் தொடங்கியவர்கள் சீக்கிரமே வந்து நிற்கும் இடம் இது. பட்டனுக்கு ஒரு ஃபங்ஷனைக் கட்டியாயிற்று, மெனுவும் வேலை செய்கிறது. அடுத்து ஒரு படத்தை மவுஸால் இழுக்க வேண்டும், அல்லது அம்புக்குறி விசையை அழுத்திப் பிடித்தால் ஏதோ ஒன்று நகர வேண்டும். அங்கேதான் குழப்பம் தொடங்குகிறது. ஒருவர் ஈவென்ட் ஹேண்ட்லர் (விசை, மவுஸ் நிகழ்வு ஒன்று வந்ததும் ஓடும் ஃபங்ஷன்) எழுதச் சொல்கிறார். இன்னொருவர் லூப்புக்குள் விசையின் நிலையைக் கேட்டுக்கொண்டே இருக்கச் சொல்கிறார். ஹூக் (சிஸ்டம் முழுக்கப் போகும் விசைகளை இடையில் நின்று பார்க்கும் கோட்) போட்டால் எல்லாமே கைக்கு வந்துவிடும் என்கிறார் மூன்றாமவர். மூன்றும் ஓடும். எது எங்கே உடையும் என்பதில்தான் வித்தியாசம்.

என் நிலையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முழு நிரலுக்கும் ஒரே வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. ஒவ்வொரு செயலுக்கும் தனியாகத் தேர்ந்தெடுங்கள். முடிந்தவரை மேல் அடுக்கிலேயே, அதாவது நூலகம் தயாராகத் தரும் வசதிகளிலேயே, நில்லுங்கள். கீழே இறங்கத்தான் வேண்டும் என்றால், மேலே சும்மா கிடைத்துக்கொண்டிருந்த எதையெல்லாம் இனி நீங்களே செய்ய வேண்டும் என்று தெரிந்துகொண்டு இறங்குங்கள்.

## எதை வைத்து எடை போடுவது

முதல் கேள்வி, உங்களுக்குத் தேவை என்ன என்பது. கீபோர்டில் ஒரே விசையை மூன்று காரணங்களுக்காக அழுத்துகிறோம். கண்ட்ரோலுடன் எஸ் அழுத்தினால் அது ஒரு கட்டளை: சேமி. உரைப் பெட்டிக்குள் அழுத்தினால் அது எழுத்து. ஒரு முப்பரிமாணக் காட்சியில் அதே எஸ் பின்னோக்கி நகர்வதற்கு என்றால், அங்கே முக்கியம் அந்த விசை இந்த நொடியில் கீழே இருக்கிறதா இல்லையா என்ற நிலை மட்டும்தான். கட்டளை, எழுத்து, நிலை. இந்த மூன்றையும் பிரிக்காமல் எல்லாவற்றையும் 'விசை அழுத்தம்' என்று ஒரே பையில் போடுவதுதான் பெரும்பாலான சிக்கல்களுக்கு மூலம்.

இரண்டாவது, இழப்பு. பயனர் வேகமாக அழுத்தி விட்டால் அந்த அழுத்தம் உங்கள் நிரலுக்கு வந்து சேருமா?

மூன்றாவது, ஃபோகஸ். இந்த விசை இப்போது யாருக்குச் சொந்தம் என்பதை யார் முடிவு செய்கிறார்கள்: சிஸ்டமா, விட்ஜெட் நூலகமா (பட்டன், உரைப் பெட்டி போன்ற இடைமுகப் பொருள்களைத் தருவது), நீங்களா?

நான்காவது, மவுஸே தொடாதவர்கள், ஸ்கிரீன் ரீடர் பயன்படுத்துபவர்கள், வேறு கீபோர்டு அமைப்பில் தட்டுபவர்கள். இவர்களுக்கு உங்கள் நிரல் வேலை செய்யுமா? இதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால், பிறகு முழு உள்ளீட்டுப் பகுதியையும் பிரித்து மேய வேண்டியிருக்கும்.

ஐந்தாவது, விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் அது ஒரே மாதிரி நடக்குமா என்பது. சோதனை எழுத எளிதா என்பதையும் இதனுடன் சேர்த்துக்கொள்ளலாம்.

## வழி 1: கட்டளையாகப் பிடிப்பது

க்யூட்டியில் ஆக்‌ஷன், ஸ்விங்கில் கீ பைண்டிங், ஜிடிகேவிலும் ஆக்‌ஷன். இந்த மூன்றும் இடைமுக நூலகங்கள், பெயர் எதுவானாலும் கருத்து ஒன்றுதான். 'சேமி' என்று ஒரு பொருளை உருவாக்குகிறீர்கள். அதற்கு ஒரு ஷார்ட்கட், ஒரு மெனு வரி, ஒரு டூல்பார் பட்டன். மூன்றில் எதை பயனர் தொட்டாலும் ஒரே ஃபங்ஷன் ஓடும். சேமிக்க எதுவும் இல்லையென்றால் அந்தப் பொருளை ஒரே ஒரு இடத்தில் முடக்கினால் போதும், மூன்றும் மங்கிவிடும்.

சாதாரண பட்டனின் கிளிக்கும் இந்த வகைதான். ஒரு பட்டன் எவ்வளவு வேலை செய்கிறது என்று கொஞ்சம் உற்றுப் பாருங்கள். மவுஸை அதன்மேல் அழுத்துகிறீர்கள், அமுங்கிய தோற்றம் வருகிறது. விடாமல் வெளியே இழுக்கிறீர்கள், தோற்றம் மீள்கிறது. வெளியே விட்டால் ஒன்றும் நடக்காது, மனம் மாறியவருக்கு அது தப்பிக்கும் வழி. மறுபடி உள்ளே கொண்டுவந்து விட்டால் கிளிக். டேப் விசையால் அதன்மீது வந்து ஸ்பேஸ் பாரைத் தட்டினாலும் கிளிக். ஸ்கிரீன் ரீடர் அதைப் பட்டன் என்று அறிவித்து, தானே இயக்கவும் முடியும். இதில் ஒரு வரிகூட நீங்கள் எழுதவில்லை. அழகுக்காக ஒரு படத்தைப் போட்டு, 'மவுஸ் அழுத்தப்பட்டது' என்ற ஈவென்டில் வேலையை ஆரம்பித்தீர்களானால் இவை அத்தனையும் போய்விடும்.

ஷார்ட்கட்டிலும் அப்படித்தான். 'மீண்டும் செய்' என்பதற்கு விண்டோஸில் கண்ட்ரோலுடன் ஒய் வழக்கம், மேக்கில் கமாண்ட், ஷிஃப்ட், இசட். க்யூட்டியிடம் நிலையான 'ரீடூ' விசை வேண்டும் என்று கேட்டால் அந்தந்த சிஸ்டத்துக்கு ஏற்றதை அதுவே தரும். கையால் எழுதினால் மேக் பயனர் முதல் நாளே புகார் சொல்வார்.

மறைமுகச் செலவு என்ன? ஷார்ட்கட் மோதல். கண்ட்ரோலுடன் ஆல்ட்டும் ஓர் எழுத்தும் சேர்ந்த ஷார்ட்கட்டை விண்டோஸில் தவிர்த்துவிடுங்கள். பல ஐரோப்பிய கீபோர்டுகளில் வலப்பக்கம் உள்ள ஆல்ட்ஜிஆர் விசை, விண்டோஸுக்குக் கண்ட்ரோலும் ஆல்ட்டும் சேர்ந்ததாகவே தெரியும். '@' அடிக்கப் போனவருக்கு உங்கள் ஏற்றுமதிப் பெட்டி திறந்தால் எப்படி இருக்கும்? இன்னொரு செலவு, இந்த அடுக்கில் 'அழுத்தினார்' என்பது மட்டும்தான் தெரியும். எவ்வளவு நேரம் அழுத்திப் பிடித்திருந்தார், எப்போது விட்டார் என்பது தெரியாது.

ஆனாலும் ஒரு வழக்கமான டெஸ்க்டாப் நிரலில் பெரும்பகுதி இங்கேயே முடிந்துவிடும், முடிய வேண்டும். சோதனைக்கும் இதுதான் வசதி: விசையையே போலியாக அழுத்தாமல் கட்டளையை நேரே அழைத்துப் பார்க்கலாம்.

## வழி 2: ஈவென்ட் ஹேண்ட்லர்

வரைபலகை, நேரக்கோடு, வரைபடம், நீங்களே வரையும் எந்தப் பரப்பானாலும் இங்கே இறங்காமல் முடியாது. விசை கீழே போனது, மேலே வந்தது, மவுஸ் அழுத்தம், நகர்வு, விடுதல், சக்கரம் என்று ஒவ்வொன்றும் வரிசையில் வரும், நீங்கள் எடுத்துக் கையாளுகிறீர்கள். அழுத்தலும் விடுதலும் வரிசையில் காத்திருக்கும் என்பதால், நிரல் ஒரு கணம் திணறினாலும் கிளிக் தொலைந்துபோகாது. இது இந்த வழியின் பெரிய பலம்.

நகர்வு மட்டும் அப்படியில்லை. விண்டோஸில் மவுஸ் நகர்வுச் செய்தி ஒவ்வொரு அசைவுக்கும் வரிசையில் ஏறுவதில்லை. நிரல் வரிசையைப் படிக்கும்போது, அதுவரையான நகர்வுகள் சேர்ந்து கடைசி இடம் மட்டும் ஒரே செய்தியாக வரும். ஜிடிகே 4-இலும் ஒரே ஃபிரேமுக்குள் (திரை ஒருமுறை வரையப்படும் நேரத்துக்குள்) நடந்த நகர்வுகள் சுருக்கப்படும். விண்டோவை இழுக்க இது நல்லதுதான், தேவையில்லாத வேலை மிச்சம். ஆனால் கையெழுத்துப் போடும் நிரலில் வளைவு கோணல்மாணலாக நேர்கோடுகளாகிவிடும். அதற்கு வழி இருக்கிறது: ஜிடிகேவில் ஈவென்டின் வரலாற்றைக் கேட்டு இடைப்பட்ட புள்ளிகளை வாங்கலாம், விண்டோஸிலும் அண்மைய 64 புள்ளிகள் வரை கேட்டுப் பெறும் ஃபங்ஷன் உண்டு. தேவைப்படும் இடத்தில் கேளுங்கள், எல்லா இடத்திலும் வேண்டாம்.

### இழுத்தல்

ஈவென்ட் வழியின் மறைமுகச் செலவை முழுமையாகப் பார்க்க வேண்டுமானால், ஒரு பெட்டியை இழுத்து நகர்த்தும் வேலையை எடுத்துக்கொள்ளலாம். கேட்க எளிது: அழுத்தும்போது தொடங்கு, நகரும்போது நகர்த்து, விடும்போது முடி.

முதலில், அழுத்தியதுமே இழுத்தலைத் தொடங்கக் கூடாது. கை நடுங்கும், கிளிக் செய்யும்போதே ஓரிரு பிக்ஸல் நகரும். க்யூட்டியில் இதற்கான எல்லை இயல்பாக 10 பிக்ஸல். அதைத் தாண்டினால்தான் இழுத்தல், இல்லையென்றால் கிளிக். இந்த எண்ணை நீங்களே எழுதிவிடாமல் நூலகத்திடமோ சிஸ்டத்திடமோ கேளுங்கள், பயனர் தன் வசதிக்கு மாற்றி வைத்திருக்கலாம். இரட்டைக் கிளிக்கின் இடைவெளிக்கும் இதே பேச்சு. விண்டோஸில் இயல்பாக 500 மில்லிநொடி, ஆனால் எல்லோருக்கும் அது ஒத்துவராது.

அடுத்து, பயனர் இழுத்துக்கொண்டே விண்டோவுக்கு வெளியே போய் அங்கே விடுகிறார். மவுஸைப் பிடித்து வைக்கவில்லை என்றால் விட்ட செய்தி உங்களுக்கு வராது, திரும்பி உள்ளே வந்ததும் பெட்டி சுட்டியோடு ஒட்டிக்கொண்டு அலையும். க்யூட்டி போன்ற நூலகங்கள் அழுத்திய விட்ஜெட்டுக்கே விடுதலையும் அனுப்பிவிடும். வெறும் விண்டோஸ் ஏபிஐயில் (விண்டோஸே நேரடியாகத் தரும் ஃபங்ஷன்கள்) எழுதினால் நீங்களே பிடித்து, நீங்களே விட வேண்டும். பிடித்து வைத்திருக்கும்போது வேறொரு விண்டோ குறுக்கே வந்து பிடியைப் பறித்துக்கொள்ளலாம், அதற்கும் ஒரு செய்தி வரும், அதையும் கையாள வேண்டும்.

நடுவில் எஸ்கேப் அழுத்தினால் பெட்டி பழைய இடத்துக்குப் போக வேண்டும். ஆக, இழுத்தல் என்பது மூன்று ஹேண்ட்லர்கள் அல்ல, ஒரு சிறிய நிலை இயந்திரம்: சும்மா இருக்கிறது, அழுத்தியிருக்கிறது, இழுபடுகிறது. அதை வெளிப்படையாக அப்படியே எழுதுங்கள். நான்கைந்து 'ஆம்-இல்லை' மாறிகளை விட்ஜெட்டுக்குள் சிதற விட்டால், மூன்று மாதம் கழித்து உங்களுக்கே புரியாது.

### எழுத்து

விசை அழுத்தத்திலிருந்து எழுத்தைக் கண்டுபிடிக்க முயலாதீர்கள். இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். ஒரு விசைக்கு ஓர் எழுத்து என்ற கணக்கு ஆங்கிலத்துக்கு ஏறக்குறைய ஓடிவிடுவதால் பலர் ஏமாந்துபோகிறார்கள். ஒலிபெயர்ப்பு முறையில் 'கொ' தட்டுவதைப் பாருங்கள். கே விசையில் முதலில் 'க்' தோன்றும், ஓ விசை விழுந்ததும் அது 'கொ' ஆகும். ஏற்கெனவே திரையில் வந்துவிட்ட ஒன்று மாறுகிறது. சீனம், ஜப்பானியம் தட்டுபவர்களுக்கு இன்னும் ஒரு படி மேல்: பட்டியலிலிருந்து சொல்லைத் தேர்ந்தெடுக்கும்வரை உரை முடிவாகாது. அந்த நேரத்தில் அவர் எண்டர் அழுத்துவது தேர்வை உறுதிசெய்யத்தான். உங்கள் நிரல் அதைப் பிடித்து 'அனுப்பு' என்று எடுத்துக்கொண்டால் பாதிச் செய்தி போய்ச் சேர்ந்துவிடும்.

இதற்கு எல்லா இடத்திலும் தனிப் பாதை உண்டு. விண்டோஸில் விசைச் செய்தியும் எழுத்துச் செய்தியும் வேறு வேறு. விளையாட்டு எழுதுவோர் பயன்படுத்தும் எஸ்டிஎல் நூலகத்தில் உரை உள்ளீட்டு ஈவென்ட் தனியாக வருகிறது. க்யூட்டியில் உள்ளீட்டு முறைக்கான ஈவென்டைக் கையாளலாம். அதைவிட நல்லது, தயாராக இருக்கும் உரைப் பெட்டியையே வைத்துவிடுவது. உங்கள் பரப்பின்மேல் திருத்த வேண்டிய இடத்தில் ஒரு உரைப் பெட்டியை மிதக்கவிட்டு, முடிந்ததும் எடுத்துவிடலாம். பார்க்கக் கொஞ்சம் ஒட்டுவேலை போலத் தெரிந்தாலும் நான் அதைத்தான் செய்யச் சொல்வேன்.

### ஃபில்டரும் வலது கிளிக்கும்

ஈவென்ட் ஃபில்டர் (விட்ஜெட்டுக்குப் போகும் முன்பே ஈவென்டைப் பார்க்கும் கோட்) போட்டு முழு நிரலின் விசைகளையும் ஒரே இடத்தில் பார்ப்பது கவர்ச்சியாக இருக்கும். பைத்தானின் டிகேஇன்டர் நூலகத்தில் எல்லா விட்ஜெட்டுக்கும் சேர்த்துக் கட்டும் வசதியும் இதே வகை. இதன் ஆபத்து இப்படித்தான் வரும்: பிரதான விண்டோவில் டெலீட் விசையைப் பிடித்து, தேர்ந்தெடுத்த வடிவத்தை அழிக்கிறீர்கள். பயனர் அந்த வடிவத்தின் பெயரைத் திருத்துகிறார், ஓர் எழுத்தை அழிக்க டெலீட் அழுத்துகிறார். முழு வடிவமும் காணாமல் போகிறது. ஃபோகஸ் யாரிடம் என்ற பொறுப்பை ஃபில்டர் உங்கள் தலையில் ஏற்றிவிட்டது, அவ்வளவுதான். டெலீட்டை அந்த வரைபலகை விட்ஜெட்டுக்கு மட்டும் உரிய ஷார்ட்கட்டாக வைத்திருந்தால் இது நடந்திருக்காது.

வலது கிளிக் மெனுவிலும் ஒரு பொறி. விண்டோஸில் மெனு பட்டனை விடும்போது வரும், மேக்கில் அழுத்தும்போதே வரும். அதனால்தான் ஸ்விங்கில் 'இது மெனுவுக்கான கிளிக்கா' என்ற சோதனையை அழுத்தலிலும் விடுதலிலும் இரண்டிலுமே செய்ய வேண்டியிருக்கிறது. கீபோர்டில் ஷிஃப்டும் எஃப்10-உம் அழுத்தினாலும் அதே மெனு வர வேண்டும். வலது பட்டனைத் தேடாமல், 'சூழல் மெனு கேட்கப்பட்டது' என்ற ஈவென்டைப் பிடித்தால் இவை எல்லாம் ஒன்றாகத் தீரும்.

## வழி 3: நிலையைக் கேட்டுக்கொண்டே இருப்பது

விளையாட்டு, சிமுலேஷன், முப்பரிமாணக் காட்சி. இவற்றில் திரை எப்படியும் ஃபிரேம் ஃபிரேமாக ஓடிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு ஃபிரேமிலும் 'இடது அம்பு கீழே இருக்கிறதா?' என்று கேட்பது இயல்பானது. இரண்டு விசைகளைச் சேர்த்துப் பிடித்தால் குறுக்காக நகர்வது தானாகவே அமையும். விசை அழுத்த ஈவென்டை நம்பி நகர்த்தினால், அழுத்திப் பிடிக்கும்போது முதலில் ஒரு நகர்வு, பிறகு சிறிய இடைவெளி, பிறகு படபடவென்று தொடர் நகர்வு என்று கீபோர்டின் தானியங்கி மறுதட்டல் அப்படியே தெரியும்.

செலவு இழப்பில் இருக்கிறது. 60 ஹெர்ட்ஸில் ஒரு ஃபிரேம் சுமார் 16.7 மில்லிநொடி. ஃபிரேம் ஒன்று தாமதமாகி, அதற்குள் பயனர் தட்டிவிட்டு எடுத்துவிட்டால், நீங்கள் கேட்கும்போது விசை மேலே இருக்கும். அழுத்தம் நடக்கவே இல்லை என்று நிரல் நம்பும். எஸ்டிஎல்லின் கீபோர்டு நிலை அட்டவணைக்கும் இந்த வரம்பு உண்டு. ஒவ்வொரு ஃபிரேமிலும் இடைமுகத்தைப் புதிதாக வரையும் டியர் இம்கூயி நூலகத்தில், 2022-இல் வந்த 1.87 பதிப்பு உள்ளீட்டை ஈவென்ட் வரிசையாக வாங்கி, ஒரே ஃபிரேமுக்குள் வந்த அழுத்தலையும் விடுதலையும் அடுத்தடுத்த ஃபிரேம்களுக்குப் பிரித்துக் கொடுக்கத் தொடங்கியது. போலிங் (நிலையைக் கேட்டுக்கொண்டே இருக்கும்) பாணி இடைமுகமே அடியில் வரிசையைத் தேடிப் போயிருக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

எனவே நகர்வுக்கு நிலை, குதித்தல், சுடுதல் போன்ற ஒற்றைச் செயலுக்கு ஈவென்ட் என்று கலப்பதே சரி. விசை இடத்தைப் பற்றியும் ஒரு சொல்: நகர்வு விசைகளை எழுத்தால் அல்ல, ஸ்கேன்கோடால் (கீபோர்டில் விசை இருக்கும் இடத்துக்கான எண்) குறியுங்கள். டபிள்யூ, ஏ, எஸ், டி இருக்கும் அதே இடத்தில் பிரெஞ்சு கீபோர்டில் இசட், க்யூ, எஸ், டி இருக்கும். ஷார்ட்கட்டுக்கு எழுத்து முக்கியம், நகர்வுக்கு இடம் முக்கியம்.

சாதாரண அலுவலக நிரலில் போலிங் வேண்டாம். யாரும் தொடாதபோதும் லூப் சுற்றிக்கொண்டே பேட்டரியைத் தின்னும்.

## வழி 4: ஹூக், ரா இன்புட்

இவை இரண்டும் கீழ் அடுக்கு என்றாலும் நோக்கம் வேறு.

ரா இன்புட், அதாவது மவுஸும் கீபோர்டும் அனுப்புவதை அப்படியே வாங்கும் வசதி, விண்டோஸ் எக்ஸ்பியிலிருந்து இருக்கிறது. சுட்டி முடுக்கம் (வேகமாக அசைத்தால் சுட்டி கூடுதலாக ஓடுவது) சேராத மவுஸ் அசைவையே தரும், இரண்டு மவுஸ் இணைத்திருந்தால் எது அசைந்தது என்றும் சொல்லும். கேமராவைத் திருப்பும் விளையாட்டுக்கு இதுவே சரி. லினக்ஸின் திரை அமைப்பான வேலண்டில் சார்பு நகர்வுக்கும் (சுட்டி எங்கே என்பதல்ல, எவ்வளவு அசைந்தது என்பது) சுட்டியைப் பூட்டி வைக்கவும் தனி நெறிமுறைகள் உள்ளன. எஸ்டிஎல்லில் சார்பு மவுஸ் முறையை இயக்கினால் இந்த வேறுபாடுகளை அதுவே பார்த்துக்கொள்ளும்.

ஹூக் என்பது மற்ற நிரல்களுக்குப் போகும் விசைகளையும் பார்ப்பது. இதைப் பெரும்பாலோர் கேட்பது ஒரே காரணத்துக்காக: நிரல் பின்னணியில் இருக்கும்போதும் ஒரு ஷார்ட்கட் வேலை செய்ய வேண்டும். அதற்கு ஹூக் தேவையே இல்லை, விண்டோஸில் ஹாட்கீயைப் பதிவுசெய்ய நேரடி வழி இருக்கிறது. ஹூக் போட்டீர்களானால் சிஸ்டத்தின் ஒவ்வொரு விசையும் உங்கள் கோட் வழியாகப் போகும். நீங்கள் தாமதித்தால் பயனரின் தட்டச்சு முழுவதும் தாமதிக்கும். விண்டோஸ் 7 முதல், நேர வரம்பைத் தாண்டும் கீழ்நிலை ஹூக்கை சிஸ்டம் சத்தமில்லாமல் கழற்றிவிடும், உங்களுக்குத் தகவல்கூட வராது. மேக்கில் 2019-இன் கேட்டலினாவிலிருந்து விசைகளைக் கண்காணிக்கப் பயனரின் அனுமதி வேண்டும். வேலண்டில் ஃபோகஸ் இல்லாத நிரலுக்கு விசைகள் வரவே வராது, உலகளாவிய ஷார்ட்கட்டுக்குப் போர்ட்டல் (நிரல் சிஸ்டத்திடம் அனுமதி கேட்கும் இடைச் சேவை) வழியாகத்தான் கேட்க வேண்டும். இந்தத் தடைகளை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். கடவுச்சொல் திருடும் மென்பொருளும் இதே கதவு வழியாகத்தான் நுழைகிறது. மற்றவர் தட்டுவதைப் பார்க்காமல் வேலையை முடிக்க முடியும் என்றால், பார்க்கக் கூடாது.

## ஒரு பார்வையில்

| | கட்டளை | ஈவென்ட் | நிலை | ஹூக், ரா இன்புட் |
|---|---|---|---|---|
| எதற்குப் பொருத்தம் | மெனு, ஷார்ட்கட், பட்டன் | இழுத்தல், வரைதல் | தொடர் நகர்வு | கேமரா, அணுகல் கருவிகள் |
| வேகமான தட்டல் தொலையுமா | தொலையாது | தொலையாது, நகர்வு மட்டும் சுருங்கும் | தொலையலாம் | ஹூக் கழன்றால் தொலையும் |
| ஃபோகஸ் பொறுப்பு | நூலகம் | நூலகமும் நீங்களும் | நீங்கள் | முழுக்க நீங்கள் |
| எழுத்து உள்ளீடு | உரைப் பெட்டியிடம் விடுங்கள் | தனி உரை ஈவென்டில் | பயன்படாது | பயன்படாது |
| மவுஸ் இல்லாதவருக்கு | தானாகக் கிடைக்கும் | நீங்கள் சேர்க்க வேண்டும் | நீங்கள் சேர்க்க வேண்டும் | கிடைக்காது |
| பிற சிஸ்டத்துக்கு மாற்றுவது | எளிது | நடுத்தரம் | நூலகம் இருந்தால் எளிது | கடினம் |

## கலந்து பயன்படுத்தும்போது

படம் வரையும் ஒரு நிரலை எடுத்துக்கொள்வோம். சேமிப்பு, செயல்நீக்கம், கருவி மாற்றம் எல்லாம் வழி 1. தூரிகைக் கோடும் தேர்வுச் செவ்வகமும் வழி 2. ஸ்பேஸ் பாரைப் பிடித்துக்கொண்டு இழுத்தால் பரப்பு நகரும் வசதிக்கு ஸ்பேஸ் கீழே இருக்கிறதா என்ற நிலை வேண்டும். அதை சிஸ்டத்திடம் கேட்காமல், அழுத்தல், விடுதல் ஈவென்டுகளிலிருந்து நீங்களே ஒரு மாறியில் வைத்துக்கொள்ளலாம்.

இந்த இடத்தில் ஒரு வழு தவறாமல் வரும். ஸ்பேஸைப் பிடித்தபடியே ஆல்ட், டேப் அழுத்தி வேறு நிரலுக்குப் போகிறார், அங்கே ஸ்பேஸை விடுகிறார். விட்ட செய்தி உங்களுக்கு வராது. திரும்பி வந்ததும் பரப்பு நகரும் நிலையிலேயே சிக்கியிருக்கும். ஃபோகஸ் போகும் ஈவென்டில் எல்லா விசைகளையும் விட்டதாகக் கணக்கிட்டு, நடந்துகொண்டிருந்த இழுத்தலையும் ரத்து செய்யுங்கள். தானியங்கி மறுதட்டலால் வரும் அழுத்தங்களையும் அங்கே வடிகட்டிவிடுங்கள். க்யூட்டியில் அதை ஈவென்டிடமே கேட்கலாம்.

ஏற்கெனவே எல்லாவற்றையும் ஒரே பெரிய விசை ஹேண்ட்லரில் எழுதிவிட்டீர்களா? மொத்தத்தையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். அந்த ஹேண்ட்லரில் எந்தெந்தக் கிளைகள் வெறும் கட்டளைகள் என்று பாருங்கள், அவற்றை ஒவ்வொன்றாக ஆக்‌ஷனாக்கி மெனுவிலும் சேருங்கள். அடுத்து எழுத்தைச் சேர்க்கும் கிளைகளை உரைப் பெட்டியிடம் ஒப்படையுங்கள். எஞ்சுவதில் இழுத்தல் சார்ந்தவற்றை நிலை இயந்திரத்துக்குக் கொண்டுபோங்கள். அப்புறம் மவுஸைக் கழற்றி வைத்துவிட்டு நிரலை ஒருமுறை முழுக்க ஓட்டுங்கள். எந்த வேலை கைக்கு எட்டவில்லையோ, அது இன்னும் தவறான அடுக்கில் இருக்கிறது.